ஒரு பேசின் பெற்றோலும் என் செத்தவீடும்

போன மாதம் பழைய கராஜிலிருந்து இரண்டு மெக்கானிக்மார் என்னைப் பார்க்க வந்தார்கள். அங்கே இப்போது என்ஜின் சாமான்களைக் கழுவ ஒரு பெரிய தொட்டி வைத்திருக்கிறார்களாம். வால்வு, பிஸ்டன் எல்லாவற்றையும் கம்பிக் கூடையில் போட்டு மருந்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு வெற்றிலை போடப் போகலாமாம். வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"நீங்கள் வீடு வீடாய்ப் போய் என்ஜின் கழுவின ஆள் அண்ணை. ஒருக்காலும் நெருப்புப் பிடிக்கேல்லையோ?"

"ஒருக்கால் பிடிக்கப் பார்த்தது. நல்ல காலம், அந்த நேரம் பார்த்து நான் செத்துப்போனன்."

இருவரும் சிரித்தார்கள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லிப் போனார்கள். வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டதன் பலன் இதுதான். உண்மையைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அவர்கள் போன பிறகு அறையில் பழையபடி சத்தம் இல்லை. அடுத்த மாதம் வருவார்களோ என்னவோ, அதுவரை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஐம்பது தாண்டியதும் முதுகு என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. காரின் பொனற்றைத் திறந்து குனிந்தால் நிமிர்வதற்கு இரண்டு பேர் வேண்டும் என்ற நிலை வந்தபோது வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடு என்பதும் மரியாதைக்குத்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு சில்லறைக் கடைக்கு மேலே ஓர் அறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் சில நாட்களுக்கு என்று எடுத்தது. அம்மா செத்த பிறகு ஊருக்குப் போக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கலியாணம் என்று ஒன்றிரண்டு தரம் பேச்சு வந்தது. பேசியவர்கள் அறையைப் பார்த்தார்கள், என் நகத்தைப் பார்த்தார்கள், பிறகு வரவில்லை.

தொழில் படித்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழந்துணி பொறுக்கினேன், சில்லுக் கழற்றினேன், திட்டு வாங்கினேன். தொழிலைச் சொல்லித் தந்தவர் கராஜின் தலைமை மெக்கானிக், போர்மன் சாலி. கொம்பனித்தெரு மலாய்க்காரர். வெள்ளைக் காற்சட்டையோடு காலையில் வருவார், அதே வெள்ளையோடு மாலையில் போவார். அழுக்கு அவருக்குப் பயந்ததுபோல. நல்லது, கெட்டது என்று வாயால் சொல்லமாட்டார். நாங்கள் துடைத்து வைத்த, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் என்ஜின் தலையின் அடிமுகத்தில் பெருவிரல் நகத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல இழுப்பார். நகம் எங்கும் தட்டாமல் போனால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தட்டினால் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். தொப்பியின் பக்கம் அவர் கை போனாலே நான் துணியைத் திரும்ப எடுத்துவிடுவேன்.

பெற்றோலைப் பற்றி அவர் ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். கராஜ் முற்றத்தில் சரிவாக ஓடும் ஒரு காய்ந்த வாய்க்கால். அதன் மேல் முனையில் ஒரு சிரட்டை பெற்றோலை வைத்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எதிர் முனைக்கு நடந்துபோய்க் கொஞ்ச நேரம் காத்து நின்றார். பிறகு நீளக் கம்பியின் நுனியில் எரியும் துணியைச் சுற்றி வாய்க்காலின் அடியில் நீட்டினார். நெருப்பு வாய்க்கால் வழியே மேலே ஓடிப்போய்ச் சிரட்டையைப் பிடித்தது. நடுவில் ஒரு துளி பெற்றோல் கூடக் கிடையாது.

"பாத்தீங்களா? பெற்றோல் ஆவி மேல பறக்காது. தரையோட தவழ்ந்து போவும். நெருப்பு எங்க இருக்குன்னு தேடிப் போவும்," என்றார். அவ்வளவுதான் பாடம். அன்றிலிருந்து வீட்டு வேலைக்குப் பெற்றோலில் கழுவுவது கிடையாது, மண்ணெண்ணெய்தான்.

வீட்டு வேலை என்று நான் சொல்வது கரி எடுக்கும் வேலை. அந்தக் காலத்து என்ஜின்களில் ஓடஓடக் கரி படியும். மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வந்தால் தலையைக் கழற்றிச் சுரண்டும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். காரைக் கராஜுக்கு அனுப்ப மனம் இல்லாதவர்கள் வீட்டுக்கே ஆள் கேட்பார்கள். போர்மன் என்னை அனுப்புவார். மற்றவர்களுக்கு வீட்டுக்குப் போக அவசரம் இருந்தது, எனக்கு இல்லை.

முதலில் பற்றரிக் கம்பியைக் கழற்றுவேன். நட்டுச் சாவி கைதவறிக் கம்பியில் விழுந்தால் ஒரு பொறி போதும். தண்ணீரை வடித்துவிட்டுத் தலை நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குவேன். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனால் தலை வளையும். தலை வந்த கையோடு சுரண்டத் தொடங்குகிறவன் என்ஜினுக்குச் சத்துரு. மேலே நிற்கும் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி இருக்கும். அதில் கிறீஸ் பூசுவேன். விழும் கரி அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வழித்தெடுக்கலாம். மற்றச் சிலிண்டர் வாய்களிலும் தண்ணீர் ஓட்டைகளிலும் பழந்துணி அடைப்பேன். இரும்புச் சுரண்டி தொடமாட்டேன், செப்புத் தகடுதான். இரும்பு தேய்க்கிற எமரித் தாளை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதன் பொடி சிலிண்டருக்குள் போனால் அரைத்துக்கொண்டே இருக்கும். கடைசியில், தலைக்கு அடியில் வைக்கும் காஸ்கெட் தகடு உட்காரும் முகங்களை மட்டும், துணித்துண்டில் சில துளி பெற்றோல் விட்டு ஒரு துடை. அதுவும் போத்தலை மூடி முற்றத்தில் வைத்துவிட்டு, கதவெல்லாம் திறந்து, பகல் வெளிச்சத்தில்.

வெள்ளவத்தையில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. பளபளவென்று துடைத்த இரும்பை அப்படியே விட்டால் விடிவதற்குள் செம்பொடி பூத்துவிடும். வேலை நடுவில் நின்றால் எண்ணெய் பூசி மூட வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றுக்குப் போனேன். வீட்டுக்காரர் அம்பலவாணர், அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவர். மனைவி பரமேஸ்வரி அம்மா. பிள்ளைகள் இருவரும் மலாயாவில். அந்தப் பெரிய வீட்டில் கிழவனும் கிழவியும் ஒரு காரும். மனுஷனுக்கு அந்தக் கார் மூன்றாவது பிள்ளை. லண்டனிலிருந்து வரும் மோட்டார்ப் பத்திரிகையைப் படித்துவிட்டு என் தலைக்கு மேல் நின்று, "பாஸ், இதிலை இப்பிடிப் போட்டிருக்கு," என்பார்.

கொழும்பில் கைவேலைக்காரன் எவனாக இருந்தாலும் 'பாஸ்'தான். வசதியான சொல். பெயர் கேட்க வேண்டியதில்லை. போர்மன் என்னை "டேய்" என்பார். கீழே கடையில் நான் 'மேல் அறை'. என் பெயர் கந்தையா என்பது என் லைசென்சுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

பின்னேரம் கரியெல்லாம் எடுத்து முடித்தேன். வால்வுகளை ஓர் அகலத் தகரப் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டுவிட்டுக் கிணற்றடியில் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து கார் ஷெட்டுக்குள் குனிந்ததும் மூக்கு சொன்னது, இது மண்ணெண்ணெய் இல்லை. பேசின் நிறையப் பெற்றோல். ஷெட்டுக் கதவில் ஒரு பக்கம் சாத்தியிருந்தது. அம்பலவாணர் பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மண்ணெண்ணெய் மெத்தச் சுணக்கம் பாஸ். மாத்திப்போட்டன். காத்திலை மண் விழும் எண்டு கதவையும் சாத்தினனான்."

நான் பதில் சொல்வதற்குள் சமையலறைப் பக்கக் கதவால் பரமேஸ்வரி அம்மா வந்தார். கையில் தூபக்கால். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில் மூலைக்கு மூலை சாம்பிராணி காட்டுகிற வழக்கம். காரின் தலையைக் கழற்றி வைத்திருக்கிறது, அதற்கு விசேஷமாகக் காட்ட வேண்டாமா. தணலை ஊதி ஊதி, சிவக்கச் சிவக்க, நேரே பேசினை நோக்கி வருகிறார்.

"அம்மா, பெற்றோல், நில்லுங்கோ."

"இது நெருப்பில்லைத் தம்பி. தணல்," என்றார் அமைதியாக, இன்னொரு அடி வைத்து.

அந்த நேரத்தில் ஒரு நல்ல மெக்கானிக் என்ன செய்வான் என்று பிறகு பலதரம் யோசித்திருக்கிறேன். பேசினை மூடியிருக்கலாம். குறுக்கே போய்த் தடுத்திருக்கலாம். எனக்குக் கால் வரவில்லை. நாக்கு மட்டும் வந்தது, அதுவும் கோழி கேறுகிற குரலில். சாம்பிராணி மணம் ஷெட்டுக்குள் வந்துவிட்டது. வாய்க்காலில் ஓடிய நெருப்பு கண்ணுக்கு முன்னே ஓடுகிறது. பெற்றோல் என்ற சொல்லுக்கு நிற்காத அந்த மனுஷியை எந்தச் சொல் நிறுத்தும் என்று என் நாக்குக்கு எப்படித் தெரிந்ததோ.

"எனக்குத் துடக்கு அம்மா," என்றேன்.

சுவரில் மோதியவர்போல நின்றார். துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு, பட்டவன் நிற்கிற இடத்துக்குச் சாம்பிராணி கொண்டு வருவதா. தூபக்காலைச் சேலைத் தலைப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். அதன் பிறகுதான் எனக்குக் கால் வந்தது. எப்போதும் பக்கத்தில் வைத்திருக்கும் ஈரச் சாக்கைப் பேசின்மேல் போட்டு, கதவை உதைத்துத் திறந்து, பேசினை முற்றத்து மணலில் கடற்கரைப் பக்கமாகத் தூரக் கொண்டுபோய் வைத்தேன். வைத்த இடத்திலேயே நானும் இருந்துவிட்டேன்.

பரமேஸ்வரி அம்மா தூபக்காலை உள்ளே வைத்துவிட்டு வந்து தூர நின்று கேட்டார்.

"ஆர் தம்பி மோசம்போனது?"

"அண்ணர்." எனக்கு அண்ணன் இல்லை. தம்பியும் இல்லை.

"எப்ப?"

"முந்தநாள். இஞ்சைதான், கொட்டாஞ்சேனையிலை. நேற்றுத்தான் எரிச்சது."

"அதுக்கிடையிலை வேலைக்கு வந்திட்டீரோ. அவருக்கு என்ன பேர்?"

பேர் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லத்தானே வேண்டும். உலகத்தில் எத்தனை பெயர். பயந்தவன் வாயில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"கந்தையா."

உண்மையைச் சொல்லி முடித்துவிடலாம் என்று எழுந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். பெற்றோல் பயத்தில் அது சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்திருக்கும். "முகத்தைப் பார்க்கவே தெரியுது பிள்ளை படுற பாடு," என்று கண்ணைத் துடைத்தார். அம்பலவாணரும் பத்திரிகையைக் கீழே வைத்தார். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

கெட்டித்தனமாகத் தப்பிவிட்டேன் என்று நினைத்தபோது அடுத்தது வந்தது. துடக்குப் பட்ட ஷெட்டை அப்படியே விடுவார்களா. அம்மா ஒரு செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு வந்து மாவிலையால் தெளிக்கத் தொடங்கினார். அங்கே சிலிண்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. அடைத்த துணி தண்ணீரை உறிஞ்சி அடியில் விட்டால் அவ்வளவும் துரு. இந்த முறை கால் வந்தது. ஓடிப்போய் என்ஜினுக்கு மேலே குப்புற விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். மஞ்சள் தண்ணீர் முதுகில் விழுந்தது.

"அழட்டும், விடும்," என்று அம்மா கணவரிடம் மெல்லச் சொன்னது கேட்டது.

அவர்கள் உள்ளே போன பிறகு என்ஜின் முகங்களுக்கு எண்ணெய் பூசி, துணியை மாற்றி, பொனற்றை மூடிவிட்டு வந்தேன். எட்டாம் நாள் சடங்கு, எட்டு, முடியும் வரை இந்தப் பக்கம் வரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

மறுநாள் காலையில் கராஜ் வாசலில் அம்பலவாணரின் குடை தெரிந்தது. நான் ஒரு லொறிக்கு அடியில் புகுந்தேன். அங்கிருந்து அவருடைய சப்பாத்தையும் போர்மனின் வெள்ளைக் காற்சட்டையையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பாவம் அந்தப் பாஸ், அண்ணரைப் பறிகொடுத்தவர், லீவு கொடுங்கோ என்று சப்பாத்து சொன்னது. சப்பாத்து போன பிறகு காற்சட்டை லொறிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"வெளிய வாடா. யாரு செத்தது? யாரு மவுத்தானது?"

"நான்தான் ஸேர்."

எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி எந்த நேரம் தலையில் ஏறும் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"பெற்றோல் எவ்வளவு?"

"பேசின் நிறைய."

"கதவு?"

"ஒரு பக்கம் சாத்தி."

கையில் இருந்த ஒரு வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நீ மவுத்தானது நல்லது," என்றார். "எட்டு நாளைக்கு வராத. அந்த அம்மா ஒன் வார்த்தைக்கு ஒரு தடவ நின்னிருக்கு. பொய்யின்னு தெரிஞ்சா அடுத்த தடவ போற பாஸ் சொல்லுக்கு நிக்காது. வீடே எரிஞ்சி போவும்."

அப்படித்தான் நான் என் சாவுக்கு லீவில் இருந்தேன். வேலை செய்கிற காலத்தில் அறை என்பது படுக்கிற இடம். பகலில் அதைப் பார்த்ததே இல்லை. வெயில் எந்த மூலையில் தொடங்கி எந்த மூலையில் முடிகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். கீழே கடையில் ஆட்கள் கதைத்தார்கள், மாதா கோயில் மணி அடித்தது, தெருவில் ரிக்ஷா போனது. படியில் ஒரு காலடியும் ஏறவில்லை. முதல் நாள் சிரித்தேன். பிறகு, நிஜமாகவே செத்திருந்தால் இந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். இப்படியேதான் இருந்திருக்கும். அதற்கு மேல் சிரிக்க வரவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் படியில் காலடி கேட்டது. ஒரு படி, ஓய்வு, ஒரு படி, ஓய்வு. கதவைத் திறந்தால் அம்பலவாணர், கையில் சாப்பாட்டுக் கரியர். பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பரமேஸ்வரி அம்மா. விலாசம் கொடுத்தவர் போர்மன். அந்த மனுஷன் அதை ஏன் கொடுத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அறையில் ஒரு கதிரைதான். அம்மா அதில் இருந்தார். நானும் அம்பலவாணரும் கட்டில் விளிம்பில். அம்மா சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணற்றை படம் ஒண்டும் இல்லையோ தம்பி?"

"எடுக்கேல்லை அம்மா. என்னைப்போலதான் இருக்கும்."

"என்ன மாதிரி ஆள்?"

வழக்கம்போல ஏதாவது பகிடி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பகிடி விடுகிற ஆள் அம்மா," என்று தொடங்கினேன். பிறகு, "ஆக்கள் இருந்தால் பகிடி விடும். இல்லாட்டி பேசாமல் இருக்கும்," என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வேலையில் கவனமான ஆள், துணியைக்கூடத் தோய்த்து மடித்துத்தான் வைக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காரியமும் இல்லாமல் வெள்ளவத்தை வரை ரயிலில் போய், கடலைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வரும் என்றேன். செத்தவனைப் பற்றி என்பதால் ஒன்றும் வெட்கமாக இல்லை.

"மனுசி, பிள்ளையள்?"

"இல்லை."

"சாப்பாட்டிலை என்ன விருப்பம் அவருக்கு?"

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. யோசித்துத்தான் சொன்னேன். "கத்தரிக்காய்ப் பால்கறி. மாங்காய் போட்ட பருப்பு. பொரிச்ச மோர்மிளகாய்."

"அந்தாளுக்குக் கொள்ளி வைக்க நீராவது இருந்தீர்," என்றார் அம்மா. உமக்கு யார் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்குக் கேட்டது. "இவ்வளவு நாளும் பாஸ் எண்டே கூப்பிட்டிட்டம். உம்மடை பேரென்ன தம்பி?"

என் பெயரை ஒரு கிழமைக்கு முன்னமே எரித்தாகிவிட்டது. "செல்லையா," என்றேன்.

மறுநாள் போய் மூடியதைத் திறந்தேன். எண்ணெய்க்கு அடியில் முகங்கள் சுத்தமாக இருந்தன. புது காஸ்கெட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, ஸ்டார்ட் செய்தேன். தட்டும் சத்தம் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வேலைக்கு நான்தான். நான் ஷெட்டுக்குள் இருக்கிற நாளில் அம்மா சாம்பிராணியோடு வாசற்படிக்கு அப்பால் நின்று, "செல்லையாத் தம்பி, வரலாமோ?" என்று கேட்பார். நான் "வேண்டாம் அம்மா" என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்பிப் போவார். கொழும்பு முழுவதிலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே வீடு அது. பெயர்தான் என்னுடையது இல்லை.

வருடம் திரும்பியதும் அம்பலவாணர் கராஜுக்கு வந்தார். கார் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். "நாளைக்கு அண்ணற்றை திவசமெல்லோ. அறையிலை நீர் என்னத்தைச் சமைப்பீர், வீட்டை வரட்டாம் எண்டு மனுசி சொன்னவ."

போனேன். குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு, என் திவசத்துக்கு நானே போனேன். போகிற ரயிலில் இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். இந்த ஒரு வருடத்தில் அம்மாவுக்குப் பெற்றோலைப் பற்றி நன்றாகவே தெரிந்துவிட்டது. போர்மனின் காரணம் இனி இல்லை. அம்மா தலைவாழை இலை போட்டார். ஒரு பக்கம் கத்தரிக்காய்ப் பால்கறி, மாங்காய் போட்ட பருப்பு, பொரித்த மோர்மிளகாய். ஒன்றையும் மறக்கவில்லை. அம்பலவாணர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா அகப்பையோடு நின்று நான் வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடியிருக்கு தம்பி? அண்ணருக்குப் பிடிச்சிருக்குமோ?"

சொல்ல வந்தது தொண்டை வரை வந்தது. பால்கறியோடு சேர்த்து விழுங்கினேன்.

"பிடிச்சிருக்கும் அம்மா," என்றேன். "அவரெண்டால் இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பார்."

அம்மா இலையில் இன்னொரு அகப்பை போட்டார்.